இந்தியாவா, இலங்கையா: சரியான நேரத்தில் மூடியது யார்?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். சுருக்கமாக இதுதான் கேள்வி:

"அண்ணாச்சி, கொரோனா ஊரடங்கைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. மாமா கொழும்பில் கடை வைத்திருந்தவர். இலங்கை நம்மைவிட நாலு நாள் முந்தி மூடியது, அதனால் தப்பித்தது, நாம்தான் கோட்டை விட்டோம் என்கிறார். மச்சான் ஸ்வீடனைக் காட்டுகிறான். அங்கே மூடவே இல்லை, பக்கத்து நார்வே மூடியது, கடைசியில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறான். எனக்கு நம் அரசு அவசரப்பட்டு மூடிவிட்டது என்றுதான் படுகிறது. யார் சொல்வது சரி?"

நான் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 2020லும் 2021லும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் வேலை பார்த்தேன். தொற்று வந்தவர் யாரோடு பேசினார், எந்த டீக்கடையில் உட்கார்ந்தார், எந்தக் கல்யாண வீட்டில் சாப்பிட்டார் என்று பட்டியல் எடுப்பதுதான் அந்த இரண்டு வருஷமும் என் வேலை. அதனால் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் இந்தியாவும் சரி, இலங்கையும் சரி, நோயின் கணக்கில் சீக்கிரமாகவே மூடின. 2021ல் இரண்டுமே தாமதித்தன. நாலு நாள் முந்தியா பிந்தியா என்பது இதில் சின்ன விஷயம். சீக்கிரம் மூடுகிற அரசாங்கத்தால் ஜனங்களுக்கு அவகாசம் கொடுக்க முடியும். தாமதித்து மூடுகிற அரசாங்கத்தால் அது முடியாது. 2020 மார்ச்சில் நம்மிடம் கொடுக்க நாள் இருந்தது. கொடுக்காமல் நாலு மணி நேரத்தில் மூடினோம். என் ஆதங்கம் எல்லாம் அதில்தான்.

நோயின் கணக்கு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தாமிரபரணியில், மேலே பாபநாசம் அணையில் திறந்த தண்ணீர் கீழே ஸ்ரீவைகுண்டம் வந்து சேர நேரம் ஆகும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நின்று பார்க்கிறவர் பார்ப்பது மேலே எப்போதோ திறந்த தண்ணீரை. இந்த நிமிஷம் மேலே எவ்வளவு வருகிறது என்று அங்கே நின்றால் தெரியாது. தொற்று எண்ணிக்கையும் அப்படித்தான். 2020ல் பரவிய கிருமி ஒருவருக்குத் தொற்றி, காய்ச்சல் வரச் சராசரியாக 5 நாள் ஆனது. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஸ்வாப் எடுத்து, முடிவு வர இன்னும் சில நாள். இறந்துபோகிறவர்கள் பெரும்பாலும் தொற்றி மூன்று வாரம் வாக்கில் இறந்தார்கள். ஆக, அன்றன்று மாலை டிவியில் சொன்ன தொற்று எண்ணிக்கை பத்து நாளுக்கு முந்தைய நிலவரம். சாவு எண்ணிக்கை இருபது நாளுக்கு முந்தையது.

இதோடு இரட்டிப்பைச் சேர்த்துப் பாருங்கள். ஊரடங்குக்கு முன்னால் இந்தியாவில் தொற்று 3.4 நாளுக்கு ஒரு முறை இரட்டித்தது, இப்போது 7.5 நாள் ஆகிறது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் 20 அன்று சொன்னது. 3.4 நாளுக்கு இரட்டிப்பு என்றால் ஒரு வாரத்தில் நாலு மடங்கு, இரண்டு வாரத்தில் பதினாறு மடங்குக்கும் மேல். பத்துப் பேருக்கு இருக்கும்போது ஒரு வாரம் சும்மா இருந்தால் நாற்பது பேர் ஆவார்கள். அந்த நாற்பது பேரை என்னைப் போன்ற நாலு இன்ஸ்பெக்டர்கள் வீடு வீடாகப் போய்ப் பிடித்துவிடலாம். பத்தாயிரம் பேருக்கு இருக்கும்போது அதே ஒரு வாரம் சும்மா இருந்தால் நாற்பதாயிரம். அதைப் பிடிக்க எந்தத் துறையிலும் ஆள் கிடையாது. அதனால்தான் தேதியை மட்டும் வைத்துச் சண்டை போடுவதில் பொருள் இல்லை என்கிறேன். அந்தத் தேதியில் நோய் எங்கே நின்றது என்று கேட்க வேண்டும்.

சரி, 2020 மார்ச்சுக்கு வருவோம்.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய முதல் நபர் தெரிய வந்தது மார்ச் 11. இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போனவர். மார்ச் 19ல் விமான நிலையத்தை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மூடினார்கள். மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. அப்போது அங்கே உறுதியான தொற்று நூறுகூட ஆகவில்லை. முதல் சாவே மார்ச் 28ல்தான். இந்தியாவில் மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் ஊரடங்கு. அன்று உறுதியான தொற்று ஐந்நூறு சொச்சம், சாவு பத்து வாக்கில். தமிழ்நாட்டில் முதல் சாவு மறுநாள், மார்ச் 25, மதுரையில்.

மாமாவிடம் இந்த இடத்தில் ஒன்று கேளுங்கள். இரண்டேகால் கோடிப் பேர் உள்ள நாட்டில் எழுபது எண்பது தொற்று, 130 கோடிக்கும் மேல் உள்ள நாட்டில் ஐந்நூறு தொற்று. ஆள் கணக்கில் வகுத்தால் யார் சீக்கிரம்? நாம்தான். நம் நாட்டில் அன்றுவரை செய்த பரிசோதனை முப்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை, அதனால் உண்மைத் தொற்று இன்னும் அதிகம் என்று அவர் சொல்லலாம், அது நியாயம்தான். பத்து மடங்கு இருந்திருக்கட்டும். அப்போதும் இத்தாலியோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆறு கோடிப் பேர் உள்ள இத்தாலி, நாடு முழுவதையும் மூட முடிவெடுத்த மார்ச் 9 அன்று அங்கே ஒன்பதாயிரம் தொற்று, 460க்கு மேல் சாவு.

இலங்கை முதல் அலையில் தப்பித்ததற்கு அந்த நாலு நாள் காரணம் இல்லை. தீவு, ஒரே பெரிய விமான நிலையம், வந்தவர்களை எல்லாம் ராணுவம் நடத்திய தனிமை மையங்களில் வைத்தது, அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த காரணம், அவர்களுடைய பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். என் வேலைக்கு அங்கே அதுதான் பெயர். 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. இத்தனை வீட்டுக்கு ஒரு மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர், குடும்ப நல மாது என்று தெருத்தெருவாக ஆள் உண்டு. 2020 அக்டோபர் தொடக்கத்தில் இலங்கையில் மொத்தச் சாவே 13தான். ஊரடங்கு நேரம் வாங்கித் தந்தது. அந்த நேரத்துக்குள் தொற்றியவரைத் தேடிப் பிடித்தது இந்த ஆட்கள்.

நேரத்தைப் பற்றிய சண்டை அங்கேயும் நடந்தது. மார்ச் 2ல் பாராளுமன்றத்தைக் கலைத்து ஏப்ரல் 25 தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். வேட்புமனு மார்ச் 19 வரை. மறுநாள் ஊரடங்கு. மனுத்தாக்கல் முடியட்டும் என்று காத்திருந்தார்களா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. தேர்தல் கடைசியில் ஆகஸ்ட் 5ல்தான் நடந்தது. நம் ஊரிலும் இதே கேள்வி. மார்ச் 20ல் மத்தியப் பிரதேசக் காங்கிரஸ் முதல்வர் கமல்நாத் பதவி விலகினார், 23ல் பா.ஜ.க.வின் சிவராஜ் சிங் சௌகான் புது முதல்வராகப் பதவியேற்றார், அன்றுதான் நாடாளுமன்றக் கூட்டமும் முடிந்தது, 24ல் ஊரடங்கு. இதற்காகத்தான் நிறுத்தி வைத்தார்கள் என்று காங்கிரஸ் சொன்னது, பா.ஜ.க. மறுத்தது. இந்தச் சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. ஊரடங்கு இன்னும் மூன்று நாள் முன்னால் வந்திருந்தாலும் அதே நாலு மணி நேர அறிவிப்பாக வந்திருந்தால் நம் ஊருக்கு என்ன லாபம்?

எந்தத் தேதியை ஊரடங்குத் தேதி என்று எடுப்பது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். அயர்லாந்தைப் பாருங்கள். பிரதமர் லியோ வராத்கர் மார்ச் 12ல் பள்ளிகளை மூடினார். பிரிட்டனும், அதைச் சேர்ந்த வட அயர்லாந்தும் அப்போது மூடவில்லை. ஒரே தீவில், எல்லைக்குத் தெற்கே பிள்ளைகள் வீட்டில், வடக்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வட அயர்லாந்து அரசிலேயே துணை முதல் அமைச்சர் மிஷெல் ஓநீல் உடனே மூட வேண்டும் என்றார், முதல் அமைச்சர் ஆர்லீன் ஃபாஸ்டர் இப்போது வேண்டாம் என்றார், இருவரும் பகிரங்கமாகவே. ஆனால் வீட்டை விட்டு வெளியே வராதே என்ற முழு உத்தரவைப் பிரிட்டன் போட்டது மார்ச் 23, அயர்லாந்து போட்டது 27. யார் முந்தி? பள்ளியை வைத்துப் பார்த்தால் ஒருவர், வீட்டை வைத்துப் பார்த்தால் இன்னொருவர்.

நமக்கு இதற்கு டப்ளின் வரை போக வேண்டாம், செங்கோட்டையை அடுத்த கேரள எல்லை, புளியரை போதும். கேரளா மார்ச் 10லேயே ஏழாம் வகுப்பு வரை பள்ளிகளையும் தியேட்டர்களையும் மூடச் சொல்லிவிட்டது. மாநிலம் முழுவதையும் மூடும் உத்தரவு 23ல். தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிகளும் தியேட்டர்களும் மூடியது ஒரு வாரம் கழித்து. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை மார்ச் 24 அன்றும் நடந்தது. அன்று மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு. செங்கோட்டைக்காரர்கள் புனலூரில் வேலை பார்க்கிறார்கள், அங்கிருந்து காய்கறி வாங்க இங்கே வருகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று இரண்டு வாரம் ஓடியது.

இப்போது அந்த நாலு மணி நேரத்துக்கு வருகிறேன்.

உண்மையில் வெளியூரில் இருந்தவர்களுக்கு அந்த நாலு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. பயணிகள் ரயிலை மார்ச் 22லேயே நிறுத்திவிட்டார்கள். மும்பை தாராவியில் நம் மாவட்டத்து ஜனங்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிலுக்கு, இட்லிக் கடைக்கு, மளிகைக் கடைக்கு என்று மூன்று தலைமுறையாகப் போனவர்கள். இரண்டு பஸ் மாறி, ஒரு ரயில் ஏறினால் ஊர். அந்த ரயில் நின்றுவிட்டது.

தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டது ஏப்ரல் 1. தேதியைக் கவனியுங்கள். மார்ச் 24ல் அங்கே இருந்த நம் ஊர்க்காரர்களில் அநேகமாக யாருக்கும் தொற்று கிடையாது. அன்றைக்கு நாலு நாள் ரயில் ஓடியிருந்தால் சுத்தமாக ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர், தெருவுக்கு ஒரு பொதுக் கழிப்பறை என்று இருக்கிற இடத்தில் நாற்பது நாள் அடைத்து வைத்தோம். மே மாதம், மும்பையில் தொற்று கொதித்துக்கொண்டிருக்கும்போது, பாஸ் கொடுத்து அனுப்பினோம்.

ஏப்ரல் கடைசியில் திருநெல்வேலி மாவட்டத்தில் தொற்று ஏறக்குறைய அடங்கிவிட்டது. மேலப்பாளையத்தை அடைத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குணமாகி வீடு போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி. அப்புறம் மே இரண்டாவது வாரத்திலிருந்து கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் மகாராஷ்டிரப் பதிவெண் வேன்களும் பஸ்களும் வரிசையாக வந்து நின்றன. இறங்குகிறவர்களுக்கு அங்கேயே ஸ்வாப் எடுத்தோம். அந்த மாதம் மாவட்டத்தில் புதிதாகத் தொற்று உறுதியானவர்களில் பெரும்பாலோர் அந்த வண்டிகளில் வந்தவர்கள்தான்.

அங்கே ஒருவர், ஐம்பது வயது இருக்கும், நாங்குநேரிப் பக்கத்துக்காரர், ஸ்வாப் எடுக்கும்போது என்னிடம் சொன்னார்: "சார், மார்ச் இருபத்தஞ்சுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். அம்மன் கோயில் கொடைக்கு வரணும்னு." வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பையனுக்கு மறுநாள் பாசிட்டிவ் வந்தது. இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள்.

"அவகாசம் கொடுத்திருந்தால் கூட்டம் முண்டியடித்திருக்கும், நோய் ஊரெல்லாம் பரவியிருக்கும்" என்று சொல்வார்கள். எங்கள் துறையிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள். வங்காளதேசத்தை உதாரணம் காட்டுவார்கள். அங்கே மார்ச் 23ல் அறிவித்து, 26 முதல் பொது விடுமுறை என்றார்கள். டாக்காவிலிருந்து ஜனங்கள் படகுகளில் நெருக்கியடித்து ஊருக்குப் போனார்கள். அந்தப் படங்கள் பயமாகத்தான் இருந்தன. ஆனால் நோயின் கணக்கில் வைத்துப் பாருங்கள். தொற்று அரிதாக இருக்கும்போது ஆயிரம் பேர் நெருக்கியடித்தாலும் அந்த ஆயிரத்தில் தொற்று உள்ளவர் ஒருவர்கூட இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். தொற்று பெருகியபின் நூறு பேர் நெருக்கினாலும் அதில் பத்துப் பேர் இருப்பார்கள். கூட்டம் எப்போதும் ஒரே அளவு ஆபத்து இல்லை. மார்ச்சில் மலிவாக முடிந்திருக்கக்கூடிய பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளி, விலையை நாமே ஏற்றினோம். இடையில் நெடுஞ்சாலையில் நடந்தே போனவர்களின் கதை உலகத்துக்கே தெரியும். தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில் மே 1ல்தான் ஓடத் தொடங்கியது.

ஊரில் இருந்தவர்களுக்கும் அந்த அவகாசம் தேவைப்பட்டது. ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். இலையும் தூளும் கடையில் வாங்கி வந்து, சுற்றி, கட்டுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் வாரக் கூலி. இரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் இலையை வாங்கி வைத்து வீட்டிலேயே சுற்றியிருப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைதானே, அதற்கு ஊரடங்கு ஒரு தடையே இல்லை. இலை வராததால் கை சும்மா இருந்தது. அரிசி அட்டைக்கு மாநில அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் ஏப்ரலில் வந்தன. மத்திய அரசின் 1.70 லட்சம் கோடி ரூபாய் அறிவிப்பு ஊரடங்கு தொடங்கிய மறுநாள், மார்ச் 26ல் வந்தது. பணம் முன்னால், பூட்டு பின்னால் என்று வந்திருக்க வேண்டும்.

அவகாசம் இல்லாமல் மூடினால் தடியால்தான் மூட வேண்டியிருக்கும். இலங்கையில் ஊரடங்கை மீறியதாகப் பல்லாயிரம் பேரைக் கைது செய்தார்கள், அந்த ஊரடங்குக்குச் சட்ட அடிப்படை என்ன என்று வழக்கறிஞர்களே கேட்டார்கள். இங்கே சாத்தான்குளம் நடந்தது. கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று 2020 ஜூன் 19ல் போலீஸ் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் 22, 23 தேதிகளில் இறந்தார்கள். நோயிலிருந்து காப்பாற்றப் போட்ட விதி அது. அந்த வாரம் பூராவும் எங்களால் கடைத்தெருவில் போய் மாஸ்க் போடுங்கள் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் என்ன முகத்தோடு பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதற்கும் 2021க்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2020ல் பட்ட அடியால் இரண்டு அரசுகளுமே ஊரடங்கு என்ற வார்த்தைக்கே பயந்தன. ஏப்ரல் 20 அன்று பிரதமர், ஊரடங்கை மாநிலங்கள் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்போது நாட்டில் தினசரித் தொற்று இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. மே முதல் வாரத்தில் நாலு லட்சத்தைத் தாண்டியது. முந்தின வருஷம் ஐந்நூறுக்கு மூடிய நாடு.

தமிழ்நாட்டுக் கணக்கைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் கண் முன்னால் நடந்தது. தேர்தல் நடந்த ஏப்ரல் 6ல் தினசரித் தொற்று மூவாயிரத்து அறுநூறு சொச்சம். ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு. மே 7ல் மு.க. ஸ்டாலின் பதவியேற்றார், மறுநாளே மே 10 முதல் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மே 10ல் தினசரித் தொற்று கிட்டத்தட்ட 29 ஆயிரம். மே 21ல் 36 ஆயிரத்தைத் தாண்டி உச்சம். இந்த முறை அவகாசம் கொடுத்தார்கள். இரண்டு நாள் கடை திறந்திருந்தது, பஸ்கள் ஓடின. மே 24ல் தளர்வில்லாத ஊரடங்கு போடும்போதும் அதற்கு முன் இரண்டு நாள் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் பட்ட பாட்டை நினைத்துக் கொடுத்த அவகாசம் அது, அட்டைக்கு நாலாயிரம் ரூபாயும் இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கியது. 2020 மார்ச்சில் கொடுத்திருக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. மே மாதத்தில் கொடுக்கக்கூடாத நிலையில் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் நடுவிலேயே, தினசரி ஏழாயிரம் எட்டாயிரம் இருக்கும்போது மூடியிருந்தால் அந்த இரண்டு நாள் இவ்வளவு பயம் தந்திருக்காது. தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணுகிற மே 2 வரை புது முடிவு எடுக்கிற அதிகாரம் யாரிடம் முழுசாக இருந்தது? அந்த நாலு வாரம் போனது போனதுதான்.

மாமா சொல்கிற இலங்கை 2021ல் நம்மைவிட மோசமாகத் தாமதித்தது. ஏப்ரல் புத்தாண்டுக்கு ஊர் ஊராகப் போய்வந்தபின் ஒரு அலை, ஜூலை ஆகஸ்டில் டெல்டா. நம் ஊரில் டெல்டா என்ன செய்தது என்பதை மூன்று மாதம் முன்னாலேயே பார்த்தவர்கள் அவர்கள். டாக்டர்கள் சங்கங்கள் மூடச் சொன்னன. ஆளும் கூட்டணியில் இருந்த சிறு கட்சிகளே மூடச் சொல்லிக் கடிதம் எழுதின. கடைசியில் மல்வத்து, அஸ்கிரிய பௌத்த பீடங்களின் தலைமைப் பிக்குகளான மகாநாயக்கத் தேரர்கள் கேட்டபின், ஆகஸ்ட் 20 இரவு 10 மணிக்கு மூடினார்கள். அதிபர் கோத்தபய ராஜபக்ச அதுவரை பொருளாதாரம் தாங்காது என்றே சொல்லி வந்தார். அது பொய்ப் பயம் இல்லை, டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. மூடிய அன்று மொத்தச் சாவு ஏழாயிரத்தை ஒட்டி. அக்டோபர் 1ல் திறக்கும்போது பதின்மூவாயிரத்தை ஒட்டி. அந்தச் சாவுகளில் பெரும்பகுதி, மூடுவதற்கு முன்னாலேயே தொற்றியவர்களுடையவை. பாபநாசத்தில் திறந்தாகிவிட்ட தண்ணீர்.

மச்சான் சொல்லும் ஸ்வீடனுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, தள்ளிவிடக்கூடாது. டென்மார்க் மார்ச் 11லும் நார்வே 12லும் பள்ளிகளை மூடுவதாக அறிவித்தன. ஸ்வீடன் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பள்ளியை நடத்திக்கொண்டே இருந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடத் தடை என்பதே மார்ச் 29ல்தான். அரசுத் தொற்றுநோய் நிபுணர் ஆண்டர்ஸ் டெக்னெல் நீண்ட ஓட்டம் இது என்றார். 22 விஞ்ஞானிகள் ஏப்ரல் நடுவில் நாளிதழில் எழுதி அவரை எதிர்த்தார்கள். ஜூன் கடைசியில் ஸ்வீடனில் ஐயாயிரத்து முந்நூறு சாவு. ஸ்வீடனில் பாதி மக்கள்தொகை உள்ள நார்வேயில் சுமார் 250. இது சின்ன வித்தியாசமா என்று அவரிடம் கேளுங்கள். ஸ்வீடனில் இறந்தவர்களில் பாதியை ஒட்டி முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள். மூன்று வருஷத்தையும் சேர்த்து, வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்த்தால் ஸ்வீடன் ஐரோப்பாவிலேயே குறைவான நாடுகளில் ஒன்று. அதுவும் உண்மை. அவர்களே அமைத்த கமிஷன் 2022ல், கட்டாயப்படுத்தாமல் விட்டது பொதுவாகச் சரி, ஆனால் நடவடிக்கைகள் இன்னும் சீக்கிரம், இன்னும் பலமாக இருந்திருக்க வேண்டும் என்றது. நார்வே கமிஷனும் தன் அரசை விடவில்லை. மார்ச் 12 முடிவு நல்ல முடிவு, ஆனால் அதை ஒரு சுகாதாரத் துறை எடுத்திருக்கக்கூடாது, அமைச்சரவை எடுத்திருக்க வேண்டும் என்றது.

எனக்கு ஸ்வீடனில் பிடித்தது ஒன்று உண்டு. காய்ச்சல் வந்தவர் முதல் நாளிலிருந்தே சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம் என்று மார்ச்சிலேயே மாற்றினார்கள். அதுவரை முதல் நாளுக்குப் பிடித்தம் உண்டு. போலீஸ் இல்லாமலே ஜனங்கள் வீட்டில் இருந்தார்கள் என்றால், இருந்தால் சோறு கிடைக்கும் என்ற தைரியம் ஒரு காரணம். அந்தத் தைரியத்தை ஒரு பீடிக் குடும்பத்துக்கு யாராவது கொடுத்திருந்தால், நம் ஊரிலும் பாதி ஊரடங்கு தானாக நடந்திருக்கும்.

தம்பி, அவசரப்பட்டு மூடிவிட்டார்கள் என்று உங்களுக்குப் படுகிறதே, அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. மூடிய நாள் அவசரம் இல்லை. மூடிய விதம்தான் அவசரம். என்னிடம் அப்போது யாராவது கேட்டிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன்: மார்ச் 19 இரவு பிரதமர் டிவியில் பேசி, வரும் ஞாயிறு ஒரு நாள் மக்கள் ஊரடங்கு என்றாரே, அதே பேச்சில் 25 முதல் முழுசாக மூடப்போகிறோம், ஊர் போகிறவர்கள் போய்விடுங்கள், அட்டைக்கு அரிசி நாளையே வரும் என்று சொல்லியிருக்கலாம். அஞ்சு நாள். இறங்குகிறவர்களை ஸ்டேஷனிலேயே பெயர் எழுதி, பதினாலு நாள் வீட்டில் இருக்கச் சொல்லி, கதவில் நோட்டீஸ் ஒட்ட எங்களுக்கு ஆள் இருந்தது. அன்று மாவட்டத்தில் தொற்றியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், நாங்கள் சும்மாதான் இருந்தோம். மும்பையிலிருந்து நாகர்கோவில் போகிற ரயில் திருநெல்வேலி ஜங்ஷன் வழியாகத்தான் வரும். அந்த நாங்குநேரிக்காரர் அதில் மார்ச் 22லோ 23லோ வந்து இறங்கியிருப்பார். பெயர், ஊர், போன் நம்பர் எழுதிக்கொண்டு நானே வீட்டுக்கு அனுப்பி வைத்திருப்பேன்.